நாலாம் கட்டிலில் ஏழு வெயில்

ஸ்காபரோ,
07.03.1997

பெருமதிப்புக்குரிய மாமி அவர்கள் சமூகத்துக்கு,

மருமகன் நவரட்ணம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கிருபையாலும், குழாயில் சுடுதண்ணீர் இன்னும் நிற்காத காரணத்தாலும், நான், உங்கள் மகள் தவமணி, பேத்தி நிலக்சி மூவரும் இங்கே சுகம். வெள்ளவத்தையில் உங்கள் சுகத்துக்கும், உங்கள் வலது முழங்காலின் சுகத்துக்கும், கீழ்வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்த்தொட்டிப் பிரச்சினையின் சுகத்துக்கும் அதே பிள்ளையாரிடம் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நலம் விசாரித்தாயிற்று. இனி வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். போன மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஐம்பத்து மூன்று வயதான நான், காணிப் பதிவுக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் வேலை பார்த்த நான், உள்ளுடுப்போடும், கண்ணுக்கு மேல் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகளோடும், வெளிச்சம் அடிக்கிற ஒரு கட்டிலில் மல்லாந்து கிடந்து ‘ஐயோ அம்மாளாச்சி’ என்று கத்தினேன். கதவுக்கு வெளியே என் முதலாளியம்மா கையில் மணிக்கூட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துச் சலவைக் கடைக்கும் கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

இதை ஏன் மாமியாருக்கு எழுதுகிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுடைய கனடா நேர்முகம் ஏப்ரல் ஒன்பதாம் திகதி. அதற்கு என் முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும், கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் வேலை செய்கிறேன் என்று அதில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்களைப் பொறுப்பேற்க எனக்கு வக்கில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். ‘வேலைக் கடிதத்துக்கு என்ன நடந்தது’ என்று நீங்கள் மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டீர்கள். அந்தக் கடிதத்துக்கும் நான் கத்திய கத்தலுக்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டுக்கும் உங்களோடும் தொடர்பு இருக்கிறது. அதனால் இருந்து வாசியுங்கோ, நின்று வாசித்தால் முழங்கால் தாங்காது.

முதலில் என் உத்தியோகம். ‘ஒளிச் சிகிச்சை நிலையமொன்றில் மேற்பார்வை’ என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். ஒளி உண்மை, நிலையமும் உண்மை. வெக்ஸ்போர்டில் ஒரு பிளாசாவில், டோனட் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், வெள்ளைக்காரர் வந்து விளக்கு வெளிச்சத்தில் படுத்துத் தோலைக் கறுப்பித்துக்கொண்டு போகிற கடை அது. என் வேலை, அவர்கள் எழும்பிப் போனபிறகு கட்டிலைத் துடைப்பது. சென்ற வருடம் தை மாதம் என் சிநேகிதன் சீமோன் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலைக்கு மாறியபோது, அவன் இடத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டான். ‘மச்சான், லேசான வேலை. வேர்வை அவங்கட, துடைக்கிறது மட்டும்தான் எங்கட’ என்றான். அவர்கள் கறுக்கப் படுக்கிறார்கள், நாங்கள் வெளுக்கப் பூசுகிறோம் என்ற பகிடியைச் சீமோன் தொடக்கம் கோயில் ஐயர்வரை எல்லாரும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். பதினாலு மாதமாக ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்பவன்போலச் சிரிக்கிறேன். நீங்களும் அதை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடையில் ஐந்து அறை, அறைக்கு ஒரு கட்டில். கட்டில் என்றதும் மெத்தையை நினைக்கவேண்டாம். பெரிய சிப்பி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடப்பதாக நினையுங்கோ. மேல் ஓட்டிலும் கீழ் ஓட்டிலும் வரிசையாகக் குழாய் விளக்குகள், அவற்றின்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு. ஆள் உள்ளே படுத்து மேல் ஓட்டை இழுத்து மூடினால் நீல வெளிச்சம் வரும், காற்றாடி இரையும். ஒன்றும் இரண்டும் சாதாரணக் கட்டில்கள், ஆகக் கூடினது இருபது நிமிடம். மூன்றாவதில் விளக்கு அதிகம், முகத்துக்கென்று தனியாக நாலு பல்ப் வேறு, ஆகவே பதினைந்துக்கு மேல் விடமாட்டோம். ஐந்தாவது கட்டிலே அல்ல, நின்றபடி வேகிற ஒரு அலுமாரி, பஸ்ஸில் தொங்குவதுபோல மேலே பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், பத்தே நிமிடம். நாலாவது கடைக்கோடி அறையில் கழிவறைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடை திறந்த காலத்தில் வாங்கிய பழசு, இதுவும் இருபது நிமிடக் கட்டில். மற்ற நாலும் நிரம்பினால்தான் ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதற்குள் போவார்கள். முதலாளியம்மா அதைக் ‘கிழவி’ என்பார்.

முதலாளியம்மாவின் பெயர் பேர்ணடெற். நியூ பிறன்ஸ்விக் பக்கம், பிரெஞ்சுக்காரி, தகப்பனுக்கு மீன் உப்புப்போடுகிற தொழிலாம். அறுபது வயது, பதப்படுத்திய தோல் பை மாதிரி நிறம். நான் சேர்ந்த அன்றே என்னை இருத்தி நிமிடக் கணக்கெல்லாம் பாடமாக்கவைத்தார். வெளிறின தோலுக்கு முதல்நாள் ஐந்து நிமிடம்தான், இரண்டு நாள் விட்டு ஏழு, பிறகு பத்து, இப்படி ஏற்றவேண்டும், அவசரப்பட்டால் உரியும். ஒரே நாளில் இரண்டு தரம் கூடவே கூடாது. கண்மூடி இல்லாமல் படுக்கக்கூடாது. சுவரில் ஒரு அட்டை, அதில் ஆறு விதத் தோல்கள். முதலாவது வெயிலின் பெயரைச் சொன்னாலே சிவக்கிற தோல், ஆறாவது நாங்கள். முதல் ஐந்துக்கும் நேரே நிமிடங்கள் போட்டிருக்கும். ஆறாவதுக்கு நேரே வெறும் கோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்களிடம் அவர் ஒரு வசனம் சொல்வார்: இதில் இருபது நிமிடம் படுத்தால் கடற்கரையில் ஒரு முழுப்பகல் கிடந்ததற்குச் சமம்.

இந்த வசனத்தை நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது.

உங்கள் ஒக்டோபர் மாதக் கடிதம் நினைவிருக்கும். தவமணி கனடாவில் தானே மோர்மிளகாய் போடப்போவதாகப் பெருமையாக எழுதியதற்கு நீங்கள் எழுதிய பதில் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது: ‘வெய்யில் இல்லாத தேசத்தில போடுறது மோர்மிளகாய் இல்லைப் பிள்ளை, ஊறுகாய். ஏழு வெய்யில் காணாத மிளகாயை நான் வாயில வைக்கன். நான் வந்து போட்டுக் காட்டுறன், அதுமட்டும் பேசாமல் இரு.’ உங்கள் மகள் அதை இரண்டு தரம் வாசித்தாள், மடித்தாள், அரிசி வாளிக்குக் கீழே வைத்தாள். பேசாமல் இருக்கிற தவமணியை உங்களுக்கு என்னைவிடக் கூடத் தெரியும். மறுநாளே இரண்டு இறாத்தல் பச்சைமிளகாய் வந்து இறங்கியது. கீறி, உப்பும் மோரும் விட்டு ஊறப்போட்டு, மொட்டைமாடி இல்லாத குறைக்குப் பல்கனியில் பரப்பினாள். பின்னேரம் எடுக்கப் போனால் ஒவ்வொன்றும் பச்சைக் கூழாங்கல், ஒன்றோடு ஒன்று தட்டினால் சத்தம் கேட்டது. அடுத்த முறை ஓவனுக்குள் வைத்தாள். அரை மணித்தியாலத்தில் கட்டடத்தின் தீ மணி அடித்தது. பதினாலு மாடிச் சனமும் இருமிக்கொண்டு கீழே இறங்கிப் பனியில் நின்றது. மேற்பார்வையாளர் வந்து கேட்டதற்குத் தவமணி ‘சாமி விசயம்’ என்றாள். இந்த நாட்டில் அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்குத்தான், அவளைத் தேற்றுவதாக நினைத்து, இருபது நிமிடம் ஒரு முழுப்பகல் என்ற கதையைச் சொன்னேன். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

‘ஒரு முழுப்பகலோ?’ என்றாள். ‘அப்ப ஏழு வெய்யிலுக்கு நூற்றிநாற்பது நிமிசம்.’

‘அது மனிசருக்கான கணக்கு, தவம்.’

‘ஒரு நாளில இரண்டு தரம் கூடாது எண்டெல்லோ உங்கட முதலாளி மனுசி சொல்லுறா? அதுவும் பொருத்தம். இரவு மோருக்கை ஊறத்தானே வேணும்.’

மாமி, நீங்களே சொல்லுங்கோ. பகலில் ஒரு வெயில், இரவில் மோர், மறுநாள் திரும்ப வெயில் என்பது உங்கள் முறை. ஒருதரம் படுத்தால் மறுநாள்வரை பொறு என்பது பேர்ணடெற்றின் முறை. ஒருவரையொருவர் கண்ணால் காணாத இரண்டு பெண்கள் ஒரே விதியைச் சொன்னால் அதற்குள் ஏதோ உண்மை இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

களவு என்று நினைக்கவேண்டாம். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நாளைக்கு ஒருமுறை இலவசமாகப் படுக்கலாம் என்ற சலுகை இருக்கிறது. ஆறாவது தோல்காரன் என்றபடியால் நான் அதைத் தொட்டதே இல்லை. நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, கடை திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, ஐஸ்கிரீம் வாளியில் இருநூறு மிளகாயைக் கொண்டுபோய், பதிவுப் புத்தகத்தில் ‘நவரட்ணம், ஐந்தாவது’ என்று எழுதிவிட்டு, நூலில் கோத்த மிளகாயை அந்த அலுமாரிக்குள் தோரணம்போலக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றாடி வந்த வேகத்தில் தோரணம் அறுந்து மிளகாய் நாலாபக்கமும் பறந்தது. அதில் ஒன்றை இன்னும் தேடுகிறேன். மறுநாள் தொடக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத நாலாவது கட்டிலுக்கு மாறினேன். துவாய் விரித்து, மிளகாயை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, முதல்நாள் ஐந்து நிமிடம் மட்டும் வைத்தேன், வெளிறின தோல் என்றபடியால். வீட்டில் சொன்னபோது, ‘மிளகாய்க்குத் தோல் உரியும் எண்டு பயந்தனியளோ’ என்று பேச்சு விழுந்தது. அன்று முதல் இருபது. வெளிச்சம் நின்றபிறகு வாளியோடு அந்த அறை மூலையில், சுடுகாற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில், வேலை முடியுமட்டும் வைத்திருப்பேன். பின்னேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பக்கத்து இருக்கைக்காரர் எழும்பிப்போய்த் தூர இருப்பார்.

ஏழாம் வெயில் முடிய மிளகாய் வெள்ளைபாய்ந்து, கைபட்டால் சலசலத்தது. பொரித்த வாசத்துக்கு நிலக்சிகூட அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அது எங்கே காய்ந்தது என்று அறிந்தபிறகு, ‘அப்பா, ப்ளீஸ், என்ர ஸ்கூலில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது’ என்று சொல்லிவிட்டு ஆறு மிளகாய் சாப்பிட்டாள். பக்கத்து அப்பார்ட்மென்ற் கீதன் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கொழும்பு வந்தபோது, ஒரு போத்தல் நிறைய உங்களுக்கு அவனிடம் கொடுத்துவிட்டது அந்த மிளகாய்தான். நீங்கள் எழுதிய பதிலைத் தவமணி பிறிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ‘இது உண்மையான வெய்யில். வாயில வைச்ச உடனே தெரிஞ்சுது. வெய்யில் வாசத்தில ஆரும் என்னை ஏமாத்த ஏலாது. எந்தப் பக்கத்து வெய்யில் பிள்ளை இது?’ எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் தண்ணீர் எடுக்கிற சாட்டில் அதை வாசித்துவிட்டே போகிறார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புகழ் கண்ட பெண்சாதி நிறுத்தவிடமாட்டாள். கோயிலடி, தமிழ்க் கடையடி, ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய சொந்தக்காரர் என்று எல்லாருக்கும் போத்தல் போகத் தொடங்கியது. நான் கிழமைக்கு ஆறு நாளும் வாளியோடு போனேன். துவாயெல்லாம் மஞ்சள் பிடிக்கிறது என்று சலவைக் கடைக்காரி முறைத்தபடியால், துவாயை விட்டுவிட்டு நேரே தகட்டில் பரப்பினேன். பிறகு மருந்துத் தண்ணீர் அடித்துத் துடைப்பேன். துடைப்பதில் நான் இன்னும் கந்தோர்க்காரன்தான் மாமி, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் துடைப்பேன்.

அந்த நாட்களில்தான் நாலாம் கட்டிலுக்கு யோகம் அடித்தது. பாடசாலை பஸ் ஓட்டுகிற லொறேன் என்ற ஒரு பெண், மார்ச் விடுமுறைக்குக் கியூபா போக இருந்தவள், ஒருநாள் மற்றக் கட்டில்கள் நிரம்பியிருந்ததால் வேறு வழியில்லாமல் அதில் படுத்தாள். வெளியே வந்து கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகு முருக்கம்பூச் சிவப்பு. எரிகிறது, எரிகிறது என்று சந்தோசத்தோடு சொன்னாள். இவ்வளவு காலமும் இந்தக் கடையில் காசைக் கொட்டியும் இப்படி ஒரு வேகத்தைக் காணவில்லையாம், இதுதான் கட்டிலாம். வெள்ளைக்காரருக்குத் தோல் சிவந்தால்தான் நம்பிக்கை, மறுநாள் மண்ணிறமாகும் என்று ஒரு கணக்கு. அதற்கென்று கடையில் விற்கிற மண்ணிறக் களிம்பை வேறு பூசிக்கொள்வார்கள், அதன் சாயம் துவாயிலும் ஒட்டும், காரின் வெள்ளை இருக்கையிலும் ஒட்டும். ஒரு கிழமைக்குள் கதை பரவிவிட்டது. மூன்றாவதும் ஐந்தாவதும் ஈயோட்ட, கழிவறைக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. பேர்ணடெற் பயந்துபோய் நாலாவதின் நேரத்தை இருபதிலிருந்து பதினைந்தாக்கினார். எரிந்தது. பன்னிரண்டாக்கினார். எரிந்தது. எட்டு நிமிடத்தில் இறங்கிவந்த ஒரு ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் கடையின் நடுவில் நின்று முதுகைச் சொறிந்துகொண்டு, இது கட்டில் அல்ல, அடுப்பு என்று பாராட்டினார். கிழவிக்கு இந்த வயதில் இவ்வளவு வீரியம் எங்கிருந்து வந்தது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து அதிசயப்பட்டேன். சத்தியமாக அதிசயப்பட்டேன் மாமி. அந்த அளவுக்குத்தான் எனக்கு மூளை.

இப்படி இருக்கும்போது, உங்கள் நேர்முகத் திகதி வந்தது. வேலைக் கடிதம் கேட்டேன். பேர்ணடெற் சந்தோசமாகத் தருகிறேன் என்றார், என் மணித்தியாலக் கணக்கைப் பார்க்கப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அங்கே என் வேலைக் கணக்குக்குப் பக்கத்தில் என் படுக்கைக் கணக்கும் இருந்தது. நவம்பர் தொடக்கம் எழுபத்தெட்டுத் தடவை, நாலாம் கட்டில், இருபது நிமிடம், நவரட்ணம்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதானே, மரியாதையாகத்தான் பேசினார் என்று எடுத்துக்கொள்கிறேன். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார்.

‘நவா, உங்களுக்கு என்ன குறை? எதற்காக இது?’

மிளகாய் என்று சொன்னால் வேலை போகும், வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் நீங்கள் வெள்ளவத்தையில், உங்கள் மகள் இங்கே, நடுவில் நான். அந்த மனுசி என் மௌனத்துக்குத் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். தன் தம்பிக்கும் இப்படித்தானாம், பனிக்காலம் வந்தால் வெயில் இல்லாமல் மனம் சோர்ந்து கிடப்பானாம், சூரியன் இருக்கிற நாட்டிலிருந்து வந்த எனக்கு எவ்வளவு இருக்கும் என்று தனக்கு விளங்குகிறதாம். சொல்லச் சொல்ல அவருடைய கண் கலங்கியது. நான் பொய் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் தலையாட்டலை அவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில், படுப்பதை நிறுத்தச் சொல்லித் தன்னால் கேட்க முடியாது, ஆனால் இருபது நிமிடம் கூடாது, இனி ஐந்து நிமிடம்தான், கண்மூடி போட்டிருக்கிறேனா என்று தானே பார்ப்பார், தானே வெளியே நின்று மணி பிடிப்பார், இதை இப்போதே தொடங்குவோம் என்று எழும்பிவிட்டார்.

அன்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. வாளி அறை மூலையில் இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்தான் மிளகாயை எடுத்துத் தகட்டைத் துடைத்திருந்தேன், அதாவது நான் துடைக்கிற மாதிரித் துடைத்திருந்தேன். உடுப்பைக் களைந்தேன். படுத்தேன். முதல் நிமிடம் ஒன்றுமில்லை, குளிர்த் தகடு. பிறகு முதுகு வேர்த்தது. வேர்வை பட்டதும் தகட்டின் விளிம்புகளிலும் பூட்டுகளிலும் நாலு மாதமாகக் காய்ந்து ஒட்டியிருந்த மிளகாய்ச் சாறும் விதையும் உப்பும் உயிர்பெற்று எழும்பின. தோளில் தொடங்கி இடுப்புவரை யாரோ நெருப்புத் துடைப்பத்தால் கூட்டுவதுபோல இருந்தது. அப்போதுதான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். வெளியிலிருந்து பேர்ணடெற்றின் குரல் கேட்டது: ‘இப்போது இரண்டு நிமிடம்தான் ஆகிறது, நவா. பார்த்தீர்களா, எவ்வளவு பலமான கட்டில்.’

அந்த எரிச்சலோடுதான் எனக்கு ஞானம் வந்தது. லொறேனின் முருக்கம்பூ முதுகு, பொலிஸ்காரரின் சொறி, வரிசையில் நின்ற அத்தனை முதுகுகளும் கண்மூடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. நாலு மாதமாக வெக்ஸ்போர்ட் சனத்தின் முதுகில் நான் மோர்மிளகாய் அரைத்துப் பூசியிருக்கிறேன். மிச்ச மூன்று நிமிடமும் எழும்பவும் பயந்து, கிடக்கவும் முடியாமல் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். எரிச்சலுக்கு மோர் நல்லது என்று உங்கள் மகள் பெரிய டப்பா யோகட்டை உப்பில்லாமல் அடித்து என் முதுகில் தடவினாள். தடவிக்கொண்டே, ‘கீறி உப்புப் போட்டுட்டால் வேலை முடிஞ்சுது. இன்னும் ஆறு வெய்யில் காட்டினால் சரி’ என்றாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் போய், பழைய பல்துலக்கி ஒன்றால் அந்தக் கட்டிலின் இடுக்கெல்லாம் தோண்டி, வினாகிரி விட்டு மூன்று தரம் கழுவினேன். இனி ஒருவரையும் எரிக்கமாட்டேன் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். நல்லவனாக மாறினால் நாலு பேர் வாழ்த்துவார்கள் என்று நினைத்தேன். லொறேன் எட்டு நிமிடம் படுத்தாள், எழும்பி வந்தாள், கட்டில் செத்துப்போச்சு என்றாள். பன்னிரண்டாக்கினோம். பிறகு இருபது. ஒன்றுமில்லை, வெந்நீரில் குளித்தது மாதிரி இருக்கிறது என்றார்கள். பொலிஸ்காரர் காசைத் திருப்பிக் கேட்டார். மார்ச் விடுமுறைக்கு முந்திய இரண்டு கிழமைதான் இந்தக் கடைகளுக்குத் தீபாவளி, அந்த நேரம் பார்த்து வரிசை கலைந்து, இரண்டு பிளாசா தள்ளியுள்ள இன்னொரு கடைக்குப் போனது. போன வெள்ளிக்கிழமை பேர்ணடெற் என்னைக் கூப்பிட்டு, நாலாம் கட்டில்தான் வாடகையைச் சுமந்தது, இப்படியே போனால் அடுத்த கிழமையிலிருந்து எனக்கு இருபத்திநாலு மணித்தியாலம்தான் தரமுடியும், வேலைக் கடிதத்திலும் உள்ளதைத்தான் எழுதலாம் என்று தலைகுனிந்து சொன்னார்.

இருபத்திநாலு என்று எழுதினால் உங்கள் கோப்பு மூடப்படும். மாமி, அந்த இரவு நான் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை, வருவது வரட்டும் என்று அவருடைய அறைக்குப் போய், கட்டிலைப் பற்றி ஒரு உண்மை சொல்லவேண்டும், அது மிளகாய்... என்று தொடங்கினேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

‘நவா, நான் உப்பு மீன் வீட்டில் பிறந்தவள். எனக்கு மூக்கு இருக்கிறது. ஈஸ்டர்வரைக்கும் எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். நாலாம் கட்டில் முந்தி எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கட்டும்.’

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளையாரிடம் போய்த் தேங்காயைத் தற்காலிகமாக ஒத்திவைத்தேன். திங்கட்கிழமை ஏழே ஏழு மிளகாயை மட்டும், ரசத்துக்குப் போடுவதிலும் குறைவாக, அந்தக் கட்டிலில் பரப்பினேன். துடைப்பதைப் பழையபடி துடைத்தேன். புதன்கிழமை வரிசை திரும்பி வந்தது. லொறேன் முதுகைக் கண்ணாடியில் பார்த்து, கிழவி எழும்பிவிட்டாள் என்று எல்லாருக்கும் அறிவித்தாள். நேற்று வியாழக்கிழமை பேர்ணடெற் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இத்துடன் இணைத்திருக்கிறேன். நாற்பது மணித்தியாலம் என்று தெளிவாக இருக்கிறது. என் பதவியை உயர்த்தி, ‘கட்டில் நிபுணர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நேர்முகத்தில் காகிதத்தை அப்படியே நீட்டுங்கோ, கேட்டாலும் தமிழில் விளக்கவேண்டாம். சொந்தக்காரருக்கு வாசித்துக் காட்டவே வேண்டாம்.

நீங்கள் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக மோர்மிளகாய்ப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறேன். எந்தக் கட்டிலுக்கு எத்தனை நிமிடம் என்று சொல்லித் தருவேன், அதற்கு மேல் உங்கள் கைப்பக்குவம். முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்கவேண்டாம். கீழ்வீட்டுக்காரரோடு இந்த ஒரு மாதம் மட்டும் சமாதானமாக இருங்கோ, பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். தவமணி உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறாள், நிலக்சி ‘ஹாய்’ சொல்லுகிறாள், நான் முதுகு ஆறியபிறகு விழுந்து கும்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை நாடும் மருமகன்,
க. நவரட்ணம்

பின்குறிப்பு: உறையை ஒட்டமுன் இதையும் சேர்க்கிறேன். இன்று சனிக்கிழமை. பேர்ணடெற் ஐந்து கட்டிலையும் பரிசோதிக்க மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். நாலாவதைத் திறந்து, உள்ளே ஓடுகிற மணித்தியாலக் கணக்கைப் பார்த்துவிட்டு அந்த மனிதன் சிரித்தான். அந்தக் குழாய்கள் நீலமாக எரியுமாம், ஆனால் வெயிலுக்குரிய சத்து ஒரு துளியும் வராதாம், வீட்டு ரியூப்லைற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லையாம். மிளகாயைக் காயவைத்தது காற்றாடியும் மூலையில் இருந்த சுடுகாற்று ஓட்டையும்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. ‘வெய்யில் வாசம்’ என்று நீங்கள் எழுதிய கடிதத்தைப் பிறிஜ்ஜிலிருந்து எடுக்கத் தவமணி விடமாட்டேன் என்கிறாள். சத்துப் போய் எவ்வளவு காலம் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் என்றான். நான் அந்தக் கடையில் சேர்ந்து பதினாலு மாதம்தான்.